வால்நட்சத்திரத்துக்கு நெருப்பு வைக்காதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல உள்பக்கத்துல வால்நட்சத்திரம் பத்தி ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு. முதல் வரியில வால்நட்சத்திரம், அடுத்த வரியில சிறிய கோள், அதுக்கு கீழ ராட்சத எரிகல், கடைசியில "பூமியை நோக்கி பாய்ந்து வருகிறது"ன்னு முடிச்சிருந்தீங்க. பக்கத்துல ஒரு படம், பெரிய பாறை ஒன்னு திகுதிகுன்னு எரிஞ்சுக்கிட்டே வருது, கீழ பாவமா நம்ம பூமி. இதே படத்தை 2025 டிசம்பர்ல 3ஐ அட்லஸ்ங்கிற வால்நட்சத்திரம் வந்தப்பவும் போட்டீங்க. சரி ஏதோ அவசரத்துல போட்டுட்டாங்கன்னு அப்ப விட்டுட்டேன், ஆனா இந்த தடவை எங்க தெருவுல ஒரு அம்மா அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து குரூப்ல போட்டு புள்ளைங்கள ராத்திரி மொட்டை மாடிக்கு அனுப்பாதீங்கன்னு எழுதிட்டாங்க. அதான் எழுதறேன். வானத்துல ஏதாவது பார்க்க இருக்கிற அன்னைக்குத்தானே சார் புள்ளைங்க மாடிக்குப் போகணும்.

முதல்ல அந்த 3ஐ அட்லஸ் கதையை முடிச்சிடறேன். 2025 ஜூலை 1ம் தேதி சிலி நாட்டுல இருக்கிற அட்லஸ் டெலஸ்கோப் அதைக் கண்டுபிடிச்சுது. நம்ம சூரியக் குடும்பத்துக்கு வெளியில இருந்து வந்து போறதா நமக்குத் தெரிஞ்சது இதுவரைக்கும் மூணே மூணு, 2017ல ஓமுவாமுவா, 2019ல போரிசோவ், மூணாவது இது. டிசம்பர் 19ம் தேதி பூமிக்கு ரொம்ப கிட்ட வந்துச்சுன்னு எழுதுனீங்க, அந்த ரொம்ப கிட்ட எவ்வளவுன்னு எழுதல. சுமார் 27 கோடி கிலோமீட்டர். சூரியனே நமக்கு 15 கோடி கிலோமீட்டர்லதான் இருக்கு. சூரியனை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரத்துல போன ஒன்னை "பூமியை நெருங்கும் ஆபத்து"ன்னு தலைப்பு வச்சா ஜனங்க என்ன பண்ணுவாங்க?

சரி, இப்ப நெருப்பு விஷயம். வால்நட்சத்திரம் எரியவே எரியாது சார். அது ஐஸ். தண்ணி ஐஸ், அதோட கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு மாதிரி வாயுக்கள் உறைஞ்சு போனது, இதெல்லாத்துக்கும் நடுவுல தூசியும் கல்லும். 1950ல அமெரிக்காவுல ஃபிரெட் விப்பிள்ங்கிறவர் சொன்னது இது, அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க ஏதோ ஜல்லியும் மணலும் கூட்டமா பறந்து வருதுன்னுதான் நெனச்சிருந்தாங்க. இந்த ஐஸ் கட்டி சூரியன்கிட்ட வரும்போது சூடாகும், ஆனா அங்க காத்தழுத்தம் இல்லாததால உருகி தண்ணியா ஓடாது, பீரோவுல போடுற பாச்சா உருண்டை எப்படி ஈரமே இல்லாம நாளுக்கு நாள் சின்னதாகி ஒருநாள் காணாம போகுதோ அப்படி நேரா வாயுவா போயிடும். போகும்போது தூசியையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும். நடுவுல இருக்கிற கட்டி நாலு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனா அதைச் சுத்தி கிளம்புற புகைமூட்டம் லட்சம் கிலோமீட்டருக்கு விரியும். நாம கீழ இருந்து பார்க்கிறது அந்த மூட்டத்தைத்தான், கட்டி கண்ணுக்குத் தெரியாது. அந்த மூட்டத்துல சூரிய வெளிச்சம் பட்டு தெரியுது, கூடவே வாயுக்களும் சூரிய ஒளியை வாங்கி தானும் கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். தீ கிடையாது, ஜுவாலை கிடையாது, எரியறதுக்கு அங்க ஆக்சிஜனுக்கு எங்க போறது?

வால் விஷயத்துலயும் அந்தப் படம் தப்பு. ராக்கெட்டுக்குப் பின்னாடி புகை வர்ற மாதிரி பின்பக்கமா வரைஞ்சிருக்காங்க. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்த் திசையிலதான் நிக்கும், வால்நட்சத்திரம் எந்தப் பக்கம் போகுதுங்கிறதைப் பத்தி அதுக்கு பெருசா கவலை இல்ல. சூரியனைச் சுத்திட்டு திரும்பிப் போகும்போது பார்த்தீங்கன்னா வால் முன்னாடி போகும், தலை பின்னாடி போகும். 1531லயே பீட்டர் அப்பியன்ங்கிற ஜெர்மன்காரர் இதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். வாலும் ஒன்னு இல்ல ரெண்டு. ஒன்னு நீலமா நேரா இருக்கும், அது மின்னேற்றம் ஏறுன வாயு, சூரியன்ல இருந்து வீசுற துகள் காத்து அதை நேரா தள்ளிக்கிட்டு போகுது. இன்னொன்னு கொஞ்சம் மஞ்சளா வளைஞ்சு இருக்கும், அது தூசி. இதுல ஒரு ருசியான விஷயம் என்னன்னா, சூரியக்காத்துன்னு ஒன்னு இருக்குன்னு எந்த ராக்கெட்டும் போய் அளக்கறதுக்கு முன்னாடியே, 1951ல லுட்விக் பியர்மன் வால்நட்சத்திரத்தோட நேர் வாலை வச்சுத்தான் சூரியன்ல இருந்து ஏதோ ஒன்னு ஓயாம வீசிக்கிட்டு இருக்குன்னு கணிச்சார்.

இந்த வால் எவ்வளவு லேசுன்னும் எழுதணும் சார். 1910 மே மாசம் ஹாலி வால்நட்சத்திரத்தோட வால் பூமி மேல படும்னு சொன்னாங்க, வால்ல சயனோஜன் வாயு இருக்குன்னு வேற அப்பதான் கண்டுபிடிச்சிருந்தாங்க, அவ்வளவுதான், பல ஊர்ல ஜனங்க ஜன்னலை அடைச்சாங்க, வால்நட்சத்திர மாத்திரைன்னு ஒன்னை வித்து காசு பார்த்தாங்க. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல. அன்னைக்கு பீதியைக் கிளப்பி விட்டதுல பேப்பருக்கும் நல்ல பங்கு உண்டு, கோவிச்சுக்காதீங்க.

கிரகத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, சைஸ் ஒன்னு, அதை விட முக்கியம் போற பாதை. எட்டு கிரகமும் கிட்டத்தட்ட ஒரே தட்டையான தளத்துல, ஒரே திசையில, கிட்டத்தட்ட வட்டமா சுத்துது. பூமியை எடுத்துக்குங்க, சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது 14.7 கோடி கிலோமீட்டர், ரொம்ப தூரம் போறது 15.2 கோடி, பெரிய வித்தியாசம் ஒன்னும் இல்ல. இப்ப ஹாலியைப் பாருங்க. கிட்ட வரும்போது வெள்ளியோட பாதைக்கும் உள்ள, 9 கோடி கிலோமீட்டருக்கும் கம்மியா வந்துடும், தூரம் போகும்போது நெப்டியூனையும் தாண்டி 500 கோடி கிலோமீட்டருக்கு மேல போயிடும். அதுவும் நாம எல்லாரும் சுத்தற திசைக்கு எதிர்த் திசையில. சூரியன்கிட்ட இருக்கும்போது செகண்டுக்கு 54 கிலோமீட்டர் வேகம், கடைசி முனையில செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் கூட கிடையாது. 2023 டிசம்பர்ல அந்தக் கடைசி முனைக்குப் போயிட்டு இப்ப திரும்பி வந்துக்கிட்டு இருக்கு, 2061 ஜூலைல சூரியன்கிட்ட வரும். எட்மண்ட் ஹாலி 1705ல கணக்கு போட்டு 1531, 1607, 1682ல வந்தது எல்லாம் ஒரே ஆளுதான், 1758ல மறுபடி வரும்னார். அவர் 1742லயே போய்ச் சேர்ந்துட்டார், வால்நட்சத்திரம் 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி சொன்ன மாதிரி கண்ணுல பட்டுச்சு.

சைஸ் விஷயத்துக்கு ஒரே ஒரு சம்பவம் சொல்றேன், 67பின்னு ஒரு வால்நட்சத்திரம், சுரியுமோவ் கெராசிமென்கோன்னு முழுப் பேரு. ஐரோப்பாக்காரங்க 2004ல ரொசெட்டான்னு ஒரு விண்கலம் விட்டு அது பத்து வருஷம் பயணம் பண்ணி 2014 ஆகஸ்ட்ல போய் சேர்ந்துச்சு. நவம்பர் 12ம் தேதி அதுல இருந்து ஃபிலேன்னு 100 கிலோ எடை உள்ள ஒரு சின்ன மெஷினை இறக்குனாங்க. நம்ம ஊர் தராசுல 100 கிலோ, அந்த வால்நட்சத்திரத்து மேல அதோட எடை வெறும் 1 கிராம் அளவுதான். அதனால தரையில பிடிச்சுக்கிறதுக்குன்னு ஈட்டி மாதிரி கொக்கி வச்சு அனுப்பியிருந்தாங்க, அது வேலை செய்யல. என்ன ஆச்சு, தரையைத் தொட்டுச்சு, எகிறுச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மேல மிதந்துட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் மறுபடி இறங்கி, திரும்ப ஒரு சின்ன எகிறு எகிறி ஒரு பாறை இடுக்குல நிழல்ல போய் மாட்டிக்கிச்சு. ஒரு கிரகத்துல இப்படி நடக்குமா? கிரகம்னா தன்னோட சொந்த ஈர்ப்பால தானே உருண்டையாகி இருக்கணும், 67பி ரெண்டு கட்டியை கழுத்துல ஒட்ட வச்ச மாதிரி கோணல்மாணலா நிக்குது, நாலு கிலோமீட்டர் நீளம், அடர்த்தி தண்ணியில பாதிதான், அவ்வளவு பெரிய கடல் இருந்தா அதுல மிதக்கும். நிறம் கரி நிறம். ஹாலி கூட அப்படித்தான், 1986 மார்ச்ல ஜியோட்டோ விண்கலம் 600 கிலோமீட்டர் பக்கத்துல போய் படம் எடுத்தப்ப மேல படுற வெளிச்சத்துல நூத்துக்கு நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்புதுன்னு தெரிஞ்சுது. ஐஸ்னு சொன்னதும் வெள்ளைவெளேர்னு கற்பனை பண்ணிடாதீங்க. ரொசெட்டா மோப்பம் பிடிச்ச வாயுக்கள்ல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா எல்லாம் இருந்துச்சு. அதே மூட்டத்துல கிளைசின்னு ஒரு அமினோ அமிலமும் இருந்துச்சு, உயிருக்கு வேண்டிய சாமான்.

இந்த 67ங்கிற நம்பரை வச்சு ஒன்னு சொல்லணும். 67பின்னா வால்நட்சத்திரம். வெறும் 67னா அது ஏசியாங்கிற சிறுகோள். அதைக் கண்டுபிடிச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க, நம்ம சென்னை நுங்கம்பாக்கத்துல. அங்க இருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வகத்துல நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17ம் தேதி பார்த்தார், ஆசியாவுல இருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள்ங்கிறதால அந்தப் பேரு. அப்புறம் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரான்னு இன்னும் நாலு அங்கிருந்தே கண்டுபிடிச்சார். சிறுகோள்னா செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல பெரும்பாலும் சுத்தற கல்லும் உலோகமும். சூரியனோட சூடு அதிகமா இருந்த உள்பக்கத்துல உருவான பொருள்ல ஐஸ் தங்கல, கல்தான் மிச்சம். அதைத் தாண்டி வெளியில உருவானதுல ஐஸ் தங்கிடுச்சு. அதனாலதான் சிறுகோள் சூரியன்கிட்ட வந்தாலும் பொதுவா சும்மா ஒரு புள்ளியாவே வந்துட்டுப் போயிடும், வால்நட்சத்திரம் கிட்ட வந்தா புகையும். வால்நட்சத்திரங்களுக்கு ரெண்டு வீடு, நெப்டியூனுக்கு வெளியில கைப்பர் பெல்ட், அதுக்கும் ரொம்ப ரொம்ப தூரத்துல சூரியனைச் சுத்தி எல்லாப் பக்கமும் கூடு கட்டுன மாதிரி ஊர்ட் மேகம். 2006ல கிரகப் பட்டியல்ல இருந்து எடுத்த புளூட்டோ அந்த கைப்பர் பெல்ட் ஆளுதான், ஆனா உருண்டையா பெருசா இருக்கிறதால குறுங்கோள்னு வச்சிருக்காங்க.

எரிநட்சத்திரம் இதுல எதுவுமே கிடையாது, அது நம்ம காத்து மண்டலத்துக்குள்ள நடக்கிற சமாச்சாரம். மணல் சைஸ்ல ஒரு தூசி செகண்டுக்கு பத்து இருபது அம்பது கிலோமீட்டர் வேகத்துல உள்ள வந்து ஒரு கீத்து கீத்திட்டு போயிடும், கண்ணு இமைச்சா முடிஞ்சுது. வால்நட்சத்திரம் அப்படி ஓடாது. 2024 அக்டோபர்ல சுச்சின்ஷான் அட்லஸ் வந்துச்சே, மழை மேகம் விலகுன ஒரு சாயங்காலம் மேக்கால பார்த்தேன், இடது பக்கம் கீழ வெள்ளி கிரகம் குத்துற மாதிரி ஒரு புள்ளியா ஜொலிக்குது, வலது பக்கம் இது விளிம்பே இல்லாம ஒரு மங்கலான திட்டு, பைனாகுலர் வச்சா மேல் பக்கமா வால் நீளுது. ரெண்டும் அசையல. அரை மணி நேரம் நின்னு பார்த்தாலும் அங்கயேதான் இருக்கும், ரெண்டும் சேர்ந்து மெதுவா மறையும், மறுநாள் பார்த்தா கொஞ்சம் தள்ளி இருக்கும். அப்படி இருக்கறதைப் போய் பாயுது சீறுதுன்னு எழுதறோம்.

ஆனா வால்நட்சத்திரத்துக்கும் எரிநட்சத்திரத்துக்கும் உறவு உண்டு. வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசியைத்தான் பூமி வருஷா வருஷம் போய் இடிக்குது. ஆடி மாசக் கடைசியில வர்ற பெர்சீட் எரிகற்கள் ஸ்விஃப்ட் டட்டில் வால்நட்சத்திரத்தோட தூசி. ஹாலியோட தூசி மே முதல் வாரமும் அக்டோபர் மூணாவது வாரமும் விழும். இதுல பெரிய கதை பீலா வால்நட்சத்திரம். 6 வருஷம் 7 மாசத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டு இருந்துச்சு, 1846ல எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ரெண்டா பிளந்துச்சு, 1852ல ரெட்டையா வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல. 1872 நவம்பர் 27 ராத்திரி அது வந்திருக்க வேண்டிய பாதையை பூமி கடந்தப்ப ஐரோப்பாவுல வானமே கொட்டுற மாதிரி எரிகல் மழை. உடனே ஜெர்மனியில இருந்து கிளிங்கர்ஃபியூஸ்ங்கிற வானியலாளர் மெட்ராஸ்ல இருந்த நம்ம போக்சனுக்கு தந்தி அடிச்சார், பீலா பூமியைத் தொட்டுட்டுப் போயிருக்கு, தெற்கு வானத்துல இன்ன நட்சத்திரத்துக்குப் பக்கத்துல தேடுன்னு. மெட்ராஸ்ல டிசம்பர் மாசம், மேகத்துக்குக் கேக்கணுமா, மனுஷன் கிடைச்ச சந்துல பார்த்து நிஜமாவே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சுட்டார். வேடிக்கை என்னன்னா அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தா அது பீலாவோட பாதைக்கு ஒத்து வரல, வேற ஏதோ ஒன்னு. பீலா தூளாகிப் போயிடுச்சு, அதோட தூசிதான் அந்த எரிகல் மழை. கிரகம் இப்படி ஒரு நாலு தலைமுறை பார்க்கிறதுக்குள்ள உடைஞ்சு காணாம போறதில்ல. 2013ல ஐசான்னு ஒன்னு வரப் போகுது பிரமாதமா இருக்கும்னு எல்லாரும் காத்திருந்தோம், நவம்பர் 28ம் தேதி சூரியனை ஒட்டி போனப்பவே சிதறிப் போச்சு.

இதுல எல்லாமே கறுப்பு வெள்ளையா பிரிஞ்சு கிடக்குதுன்னு நான் சொல்ல வரல. 1977ல கண்டுபிடிச்ச சைரானை சிறுகோள்னு 2060ம் நம்பர் குடுத்தாங்க, பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு அதைச் சுத்தி மூட்டம் தெரிஞ்சுது, இப்ப 95பின்னு வால்நட்சத்திரப் பட்டியல்லயும் இருக்கு. டிசம்பர்ல வர்ற ஜெமினிட் எரிகல் மழைக்கு மூலம் ஃபேத்தான்ங்கிற சிறுகோள், வால்நட்சத்திரம் இல்ல. ஏன், வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13ம் தேதி யுரேனஸை முதல்ல பார்த்தப்ப வால்நட்சத்திரம்னுதான் ராயல் சொசைட்டிக்கு எழுதினார், பியாஸி 1801 ஜனவரி 1ம் தேதி சீரிஸ்ங்கிற சிறுகோளைப் பார்த்துட்டு அவரும் வால்நட்சத்திரம்னுதான் வெளியில சொன்னார். அப்புறம் மூட்டமும் இல்ல வாலும் இல்ல, பாதையைக் கணக்கு போட்டா வட்டத்துக்குக் கிட்ட வருது, ஆக இது வேறன்னு முடிவு பண்ணாங்க. அவங்களுக்கு அன்னைக்கு கையில இருந்தது ஒரு டெலஸ்கோப்பும் பேப்பரும் பேனாவும். உங்க டெஸ்க்ல இன்டர்நெட் இருக்கு சார்.

அதனால கேட்டுக்கிறது இதுதான். அடுத்த தடவை வால்நட்சத்திரம் வரும்போது அந்த எரியற பாறை படத்தைத் தூக்கிப் போட்டுட்டு, நிஜமா டெலஸ்கோப்ல எடுத்த படம் ஒன்னு போடுங்க, நம்ம நாட்டுலயே எத்தனையோ பசங்க எடுத்துக் குடுக்கிறாங்க. எவ்வளவு தூரத்துல போகுதுன்னு கிலோமீட்டர்ல போட்டு பக்கத்துலயே சூரியனோட தூரத்தையும் போடுங்க. எந்தத் திசை, எத்தனை மணிக்கு, வெறும் கண்ணுக்குத் தெரியுமா பைனாகுலர் வேணுமான்னு போடுங்க. தூமகேது ராஜாவுக்கு ஆகாது, அரசியல்ல மாற்றம் வரும்னு ஜோசியப் பக்கத்துல யாராவது எழுதிக் குடுத்தா அதை அங்கயே வச்சுக்குங்க, செய்திப் பக்கத்துக்கு கொண்டு வராதீங்க.

இன்னொன்னு. எல்லாத்துக்கும் நாசா சொல்லுச்சுன்னே எழுதறீங்க. எங்க ஆலங்காயத்துக்கு மேல ஜவ்வாது மலையில காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கு, 1988ல அங்க இருந்து கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேரு, 4130ம் நம்பர். அந்த ஆய்வகத்துக்கு யார் பேரு வச்சிருக்காங்களோ அந்த வைணு பாப்பு, சென்னையில பொறந்தவர், 1949ல ஹார்வர்டுல படிச்சுக்கிட்டு இருக்கும்போது போட்டோ தகட்டுல ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார், பாப்பு பாக் நியூகர்க்னு அதுக்குப் பேரு, அதுக்காக அமெரிக்காவுல டோனஹோ மெடல் குடுத்தாங்க. என் லெட்டர் நீளமா போச்சு, இடம் பத்தலன்னா மேல எதை வேணா வெட்டிக்குங்க, இந்தப் பாராவை மட்டும் வெட்டாதீங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்